சந்தேகத்தின் பலன் யாருக்கு?

குற்றவியல் நீதிமன்றங்களில் நெடுங்காலமாக நிலைபெற்று வந்துள்ள தர்மம் ஒன்று உண்டு. சாட்சியங்களையெல்லாம் சீர்தூக்கிப் பார்த்த பின்னரும் நியாயமான சந்தேகம் எஞ்சி நிற்குமானால், அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது என்பது அது. அங்கே சந்தேகத்தின் பலனை ஒருவருக்கு அளிப்பதற்குக் காரணம், தவறு நேர்ந்தால் அதன் சுமை முழுவதும் அவர் தலைமேல் விழும் என்பதேயாகும். புதியதொரு கொள்ளைநோய் ஊருக்குள் நுழையும்போது ஆஸ்பத்திரியிலும் இவ்வகைச் சந்தேகம் எழுகிறது. இந்நோய் காற்றின் வழியே பரவுமா, தும்மலின் துளி விழும் தூரத்தோடு நின்றுவிடுமா, எதிரே இருமிக்கொண்டிருப்பவருக்கு வந்திருப்பது அந்நோய்தானா என்பனவற்றையெல்லாம் ஆராய்ச்சி தீர்த்துவைப்பதற்கு மாதங்கள் ஆகலாம். நோயாளியோ இன்றே வந்து நிற்கிறார். அந்த இடைக்காலத்தில் சந்தேகத்தின் பலனை யாருக்கு அளிப்பது என்பதே, பொதுச் சுகாதாரப் பணியாளரின் பாதுகாப்பைப் பற்றிய விசாரணை முழுவதற்கும் மையமான கேள்வி என்று கூறலாம்.

இக்கேள்வியை நாம் எளிதில் கேட்பதில்லை. கொள்ளைநோய்க் காலத்தில் உயிர்விடும் மருத்துவரையும் தாதியையும் தியாகிகள் என்று போற்றுகிறோம். 2020 மார்ச் 22ஆம் நாள் மாலையில் நம் நாட்டு மக்கள் வாயிலில் நின்று கைதட்டியதும், மே 3ஆம் நாள் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் ஆஸ்பத்திரிகளின்மேல் மலர் தூவியதும் உண்மையான நன்றியின் வெளிப்பாடுகளே. ஆனால் ஒரு மரணத்தைத் தியாகம் என்று பெயரிட்டவுடன், அது தவிர்க்கக்கூடியதாக இருந்ததா என்று வினவுவதே அபசாரம் போலத் தோன்றிவிடுகிறது. சுரங்கத்தில் கூரை சரிந்து தொழிலாளி மாண்டால், முட்டுக் கொடுத்திருந்தார்களா என்று சட்டம் கேட்கிறது; ஆலையில் கை துண்டிக்கப்பட்டால், இயந்திரத்திற்கு வேலியிட்டிருந்தார்களா என்று கேட்கிறது. ஆஸ்பத்திரியும் ஒரு வேலைத்தலமே என்பதையும், கிருமியும் அங்குள்ள ஆபத்துகளில் ஒன்றே என்பதையும் முறையாக ஏற்றுக்கொண்டு, அக்கேள்வியை ஒரு நீதிபதியே அமர்ந்து விரிவாக விசாரித்த சந்தர்ப்பம் கானடா தேசத்தின் டொராண்டோ நகரில் 2003ஆம் ஆண்டில் நேர்ந்த சார்ஸ் நோயை ஒட்டி வாய்த்தது.

நோய் வந்த வழி

சார்ஸ் எனப்படும் கடுஞ்சுவாச நோய் 2002ஆம் ஆண்டின் இறுதியில் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் தலைகாட்டியது. அங்கே நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்திருந்த மருத்துவப் பேராசிரியர் ஒருவர், 2003 பிப்ரவரி 21ஆம் தேதி ஹாங்காங்குக்கு வந்து, மெட்ரோபோல் ஹோட்டலின் ஒன்பதாம் மாடியில் தங்கினார். அவருடைய உடம்பில் நோய் முற்றியிருந்தது. அதே சமயத்தில் அங்கே தங்கியிருந்தவர்கள் சிலர், தாம் எதைச் சுமந்து செல்கிறோம் என்பதை அறியாமலேயே வியட்நாமுக்கும் சிங்கப்பூருக்கும் கானடாவுக்கும் புறப்பட்டுச் சென்றனர். நோய் அடங்கிய பின்னர் கணக்கெடுத்தபோது, உலகெங்கும் பாதிக்கப்பட்டோர் 8,096 பேர், மாண்டோர் 774 பேர் என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பாதிக்கப்பட்டோரில் 1,707 பேர், அதாவது ஐவரில் ஒருவர், சுகாதாரப் பணியாளர்கள். ஹானாய் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இந்நோயை முதலில் இனங்கண்டு உலகை எச்சரித்தவரும் அந்நிறுவனத்தின் மருத்துவருமான கார்லோ அர்பானியே, மார்ச் 29ஆம் தேதி பாங்காக்கில் அந்நோய்க்குப் பலியானார்.

பணியாளர்களை இந்நோய் இவ்வாறு தேடிப் பிடித்ததற்குத் தக்க காரணம் உண்டு. சார்ஸ் நோயாளியின் உடம்பில் கிருமிகள் மிகுதியாகப் பெருகுவது காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலன்று. இரண்டாம் வாரத்தை ஒட்டியே அவை உச்சத்தை அடைகின்றன. அதற்குள் நோயாளி வீட்டையும் வீதியையும் விட்டு ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு வந்து சேர்ந்துவிடுகிறார். ஆகவே, ஊரார் தப்பும் அதே வேளையில், படுக்கையருகே நிற்பவர் அகப்பட்டுக்கொள்கிறார். மூச்சுத் திணறும் நோயாளியின் தொண்டைக்குள் குழாய் செலுத்துவதும், மருந்தைப் புகையாக்கி முகரச் செய்வதும், சளியை உறிஞ்சி எடுப்பதும் உயிர்காக்கும் கிரியைகளே; ஆனால் கிருமி கலந்த நுண்துளிகளை அவ்வறையின் காற்றில் கலக்கச் செய்பவையும் அவையே.

இரண்டு வாசல்கள்

ஹாங்காங் ஹோட்டலில் தங்கித் திரும்பிய மூதாட்டி ஒருவர் மார்ச் 5ஆம் தேதி டொராண்டோவில் தம் இல்லத்திலேயே காலமானார். அவருடைய மகன் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக மார்ச் 7ஆம் தேதி ஸ்கார்பரோ கிரேஸ் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு வந்தார். உள்நோயாளிப் பிரிவில் இடம் இல்லாமையால், திரைச்சீலைகளால் மட்டும் பிரிக்கப்பட்ட அப்பொதுக் கூடத்திலேயே ஓரிரவு முழுவதும் அவர் கிடத்தப்பட்டார். மூச்சு சீராகும் பொருட்டு மருந்தைப் புகையாக்கியும் கொடுத்தார்கள். திரைக்கு அப்பால் வேறு நோய்க்காக வந்து படுத்திருந்தவர்கள் அங்கிருந்தே நோயைப் பெற்று வீடு திரும்பினர். பின்னர் மீண்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தனர். அவர்கள் வழியாகத் தாதியரும் மருத்துவரும் நோய்வாய்ப்பட்டனர்; மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் நோய் பரவியது. மகன் மார்ச் 13ஆம் தேதி இறந்தபோது, ஒரு குடும்பத்தின் துயரமாக இருந்தது ஒரு நகரத்தின் துயரமாக ஆகிவிட்டிருந்தது.

விதியின் விளையாட்டோ என்று வியக்கும்படி, அதே மார்ச் 7ஆம் தேதி, அதே ஹோட்டலில் தங்கித் திரும்பிய இன்னொருவர், அதே நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் பொது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். கீழ்த்திசையில் இன்னதென்று தெரியாத சுவாசநோய் ஒன்று உலவுகிறது என்னும் எச்சரிக்கை அம்மாகாணத்து நோய்த் தடுப்பு நிலையத்திலிருந்து முன்னரே அங்கு வந்திருந்தது. வந்த சில நிமிடங்களுக்குள் அவர் தனி அறைக்கு மாற்றப்பட்டார். பணியாளர்கள் உயர்தர முகக்கவசம் அணிந்தே அவரை அணுகினர். அங்கே நோய் ஊருக்குள் பரவவில்லை. வான்கூவர் மருத்துவருக்கும் அது சார்ஸ் என்று தெரியாது. அந்தப் பெயரே அப்போது பிறக்கவில்லை. கிழக்கே தெரியாதது மேற்கே தெரிந்திருந்தது என்பதற்கில்லை. தெரியாத நிலையில் எப்படி நடந்துகொள்வது என்னும் பழக்கத்திலேதான் இரண்டு வாசல்களும் வேறுபட்டன. நல்லூழும் வான்கூவருக்குத் துணை நின்றது என்பது உண்மை. எனினும் ஆயத்தமாக இருந்தவருக்கே அந்தத் துணை பயன்பட்டது.

கவசமும் அதன் விளிம்பும்

ஆண்டேரியோ மாகாணம் மார்ச் 26ஆம் தேதி நெருக்கடி நிலையை அறிவித்தது. பணியாளர்களுக்கு அங்கிகளும் கையுறைகளும் என்-95 முகக்கவசங்களும் வழங்கப்பட்டன. அதற்குப் பின்னரும், ஏப்ரல் மாதத்தில், ஒரே நோயாளிக்கு மூச்சுக்குழாய் செலுத்தும் கடினமான பணியில் ஈடுபட்ட ஓர் ஆஸ்பத்திரியில், கவசம் அணிந்திருந்த பணியாளர்களே ஒன்பது பேர் நோயுற்றனர். கவசம் இருந்தும் காக்கவில்லையே என்று எழுந்த திகைப்புக்கு, அக்கவசத்தின் விளிம்பிலேதான் விடை இருந்தது. அவர்களுடைய முகக்கவசங்கள் முகத்தோடு பொருந்துகின்றனவா என்று எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை; கழற்றும்போது எதை முதலில் கழற்றுவது, எதை இறுதியில் கழற்றுவது என்பதிலும் தெளிவு இருக்கவில்லை.

அச்சோதனை எத்தகையது என்பதை அருகிருந்து காண்போமாக. பணியாளரின் தலையை முழுவதும் மூடும் ஒரு முக்காட்டை முதலில் மாட்டி, முகக்கவசம் இல்லாமலேயே, சாக்கரின் கரைசலை அதனுள் நுண்துளிகளாகப் பீய்ச்சி, எத்தனை பீய்ச்சலில் நாவுக்கு இனிப்புத் தட்டுகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். பின்னர் வாயைக் கொப்பளிக்கச் செய்து, முகக்கவசத்தை அணிவித்து, மீண்டும் பீய்ச்சுகிறார்கள். அவர் இயல்பாக மூச்சு விடவேண்டும், ஆழ்ந்து மூச்சு விடவேண்டும், தலையை இடவலமாகத் திருப்பவேண்டும், மேலும் கீழும் அசைக்கவேண்டும், குனிந்து நிமிரவேண்டும், ஏதேனும் ஒரு பத்தியை உரக்கப் படிக்கவேண்டும். இவற்றுள் எந்தக் கட்டத்திலேனும் நாவில் இனிப்புத் தட்டினால், காற்று துணியின் வழியே வராமல் விளிம்பின் இடுக்கு வழியே வருகிறது என்பது பொருள். அக்கவசம் அம்முகத்திற்கு ஆகாது. வேறு அளவோ வேறு உருவமோ தேடவேண்டும். சிறு தாடியும் அவ்விளிம்பைத் தூக்கிவிடப் போதுமானது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நுண்துகளை வடிகட்டவல்ல துணி, இச்சோதனை இன்றி அணியப்படும்போது, அணிந்தவருக்குத் தைரியத்தை மட்டுமே நிச்சயமாக அளிக்கிறது. முகத்திற்குப் பொருந்தும்படியான கவசமே அளிக்கப்படவேண்டும் என்று ஆண்டேரியோவின் தொழிலாளர் பாதுகாப்பு விதிகள் 1993ஆம் ஆண்டிலிருந்தே கூறிவந்தன. அவ்விதி இருப்பதே பல ஆஸ்பத்திரிகளுக்குத் தெரியாதிருந்தது.

தாதியர் சொல் அம்பலம் ஏறாத கதை

ஏப்ரல் இறுதியில் நோய் தணிந்தது போலத் தோன்றியது. டொராண்டோவுக்குச் செல்லவேண்டாம் என்று ஏப்ரல் 23ஆம் தேதி விடுத்த எச்சரிக்கையை உலகச் சுகாதார நிறுவனம் ஒரு வாரத்திற்குள் விலக்கிக்கொண்டது. மாகாணத்தின் நெருக்கடி நிலையும் மே 17ஆம் தேதி முடிவுக்கு வந்தது, கட்டுப்பாடுகள் தளர்ந்தன, முகக்கவசங்கள் கழன்றன. ஆனால் வடயார்க் பொது ஆஸ்பத்திரியில், எலும்புமுறிவுக்காகச் சேர்க்கப்பட்ட நோயாளிகளிடையே புரியாத நிமோனியாக் காய்ச்சல்கள் தோன்றுவதைத் தாதியர் கண்டனர். இது சார்ஸ் தானோ என்று அவர்கள் கேட்டபோது, அன்று என்று மேலிடம் ஆறுதல் கூறிற்று. நோயாளியின் பயண வரலாறோ, முன்னறியப்பட்ட நோயாளியோடு தொடர்போ நிரூபிக்கப்படாமையால் சார்ஸ் என்று கொள்வதற்கில்லை என்பதே அந்த ஆறுதலின் அடிப்படை. மே 23ஆம் தேதி, இரண்டாம் அலை எழுந்துவிட்டது என்று பகிரங்கமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. கீழ்நிலையில் இருந்தவர்கள் கண்ணால் கண்டதை, மேல்நிலையில் இருந்தவர்கள் ஏட்டிலுள்ள இலக்கணத்தைக் கொண்டு மறுத்த அந்த நாட்களில் நோய் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

மொத்தத்தில் அம்மாகாணத்தில் 44 பேர் இறந்தனர். அவர்களுள் இரு தாதியரும் ஒரு மருத்துவரும் அடங்குவர். நோயுற்றவர்களில் நூற்றுக்கு 72 பேர் நோயைப் பெற்ற இடம் மருத்துவ நிலையமேயாகும்.

நீதிபதியின் தீர்ப்பு

இவற்றையெல்லாம் விசாரிப்பதற்கு நியமிக்கப்பட்ட நீதிபதி ஆர்ச்சி காம்பெல், 2007 ஜனவரியில் தம் இறுதி அறிக்கையை வெளியிட்டார். தனிமனிதர் எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதில் அவர் நாட்டம் கொள்ளவில்லை; அமைப்பின் குறையையே விசாரணைக்கு இலக்காக்கினார். தொற்றுத் தடுப்பு வல்லுநர் ஒரு புறமும், தொழிற்பாதுகாப்பு வல்லுநர் மற்றொரு புறமுமாக, ஒருவர் சாஸ்திரத்தை மற்றவர் மதியாமல் இரு முகாம்களாகப் பிரிந்து கிடந்தனர் என்றும், சுரங்கத்திலும் ஆலையிலும் தயக்கமின்றி நுழையும் தொழிலாளர் இலாகா ஆஸ்பத்திரியின் வாயிலில் ஒதுங்கி நின்றுவிட்டது என்றும் அவர் கண்டார். முன்னவருக்கு நோயாளியிடமிருந்து நோயாளிக்குத் தொற்று தாவாமல் தடுப்பதே தலையாய கவலை. பின்னவருக்குப் பணியாளரின் மூச்சுக்காற்றே கவலை. பெருந்துளிகளால் மட்டுமே பரவும் நோய்க்கு என்-95 எதற்கு என்று முன்னவர் வாதிட்டனர். பெருந்துளிகளால் மட்டுமே என்பது தெளியும் வரையிலாவது அது வேண்டும் என்று பின்னவர் மறுமொழி கூறினர்.

எவருடைய விஞ்ஞானம் சரி என்று தீர்ப்புக் கூறுவதைக் காம்பெல் தம் வேலையாகக் கொள்ளவில்லை என்பதே அவ்வறிக்கையின் பெருஞ்சிறப்பு. ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகள், விஞ்ஞான நிச்சயம் பிறக்கும்வரை காத்திருக்கலாகா என்பது அவர் நிலைநாட்டிய நியதி. அசுத்த ரத்தத்தால் ஆயிரக்கணக்கான கானடியர் நோயுற்றதை விசாரித்த நீதிபதி ஹோரஸ் கிரீவர் 1997ஆம் ஆண்டிலேயே இதே நெறியை வற்புறுத்தியிருந்தார். பத்தாண்டுக்குள் அதே பாடத்தை இன்னொரு நீதிபதி இன்னொரு முறை எழுதவேண்டியதாயிற்று. நிரூபணத்தின் பாரத்தை இந்நெறி இடம் மாற்றி வைக்கிறது. ஆபத்து உண்டு என்று பணியாளர் நிரூபிக்கவேண்டியதில்லை. ஆபத்து இல்லை என்று நிர்வாகமே நிரூபிக்கவேண்டும். அதுவரையில் சந்தேகத்தின் பலன் பணியாளருக்கே உரியது.

இந்நெறி செலவு மிக்கது என்னும் ஆட்சேபத்தைப் புறக்கணிப்பதற்கில்லை. தேவைக்கு மேல் அஞ்சினால் கையிருப்பு விரைவில் தீரும்; கனத்த கவசத்துள் வியர்த்துச் சோரும் பணியாளர் தவறிழைப்பதற்கும் இடமுண்டு. ஆனால் இரண்டு தவறுகளின் விலையும் ஒன்றல்ல என்பதைக் கருதவேண்டும். தேவையற்றுப் போன முகக்கவசத்தின் நஷ்டத்தைக் கருவூலம் ஏற்கிறது. தேவையாயிருந்தும் மறுக்கப்பட்ட முகக்கவசத்தின் நஷ்டத்தை ஒரு குடும்பம் ஏற்கிறது.

முகக்கவசம் ஏணியின் கடைசிப் படி

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். முகக்கவசத்தைப் பற்றியே இவ்வளவு பேசுவதால், பாதுகாப்பு என்பதே அதுதான் என்று கருதிவிடலாகாது. தொழிற்பாதுகாப்புச் சாஸ்திரத்தில் தற்காப்புச் சாதனம் ஏணியின் கடைசிப் படியிலேயே வைக்கப்படுகிறது. ஆபத்தை முற்றாக அகற்றுதல் முதற்படி; காற்றோட்டம், தனியறை, கதவு, ஜன்னல் முதலிய கட்டட அமைப்பால் அதைப் பணியாளரிடமிருந்து விலக்கி வைத்தல் அடுத்த படி; வேலை முறையை மாற்றியமைத்தல் அதற்கடுத்த படி; இவற்றையெல்லாம் மீறி எஞ்சும் ஆபத்துக்கே கவசம். முதற்படிகளில் செலவு நிர்வாகத்தைச் சார்ந்தது. கடைசிப் படியில் பொறுப்பு பணியாளரின் முகத்தைச் சார்ந்தது. அதனால்தானோ என்னவோ, நிர்வாகங்கள் ஏணியைக் கீழிருந்தே ஏறத் தொடங்குகின்றன!

வேலை முறை என்றதில் கூலி முறையும் அடங்கும். டொராண்டோவின் தாதியர் பலர் முழுநேர வேலை கிட்டாமையால் இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளில் மாறி மாறிப் பணிபுரிந்து வந்தனர். அவர்களோடு நோயும் இடம் மாறக்கூடும் என்பது அப்போதுதான் ஆட்சியாளருக்கு உறைத்தது. காய்ச்சலோடு வீட்டில் தங்கினால் அன்றைய ஊதியம் இல்லை என்னும் நிலையிலுள்ளவரிடம், காய்ச்சல் இருந்தால் வராதே என்று கூறுவது உபதேசமே தவிர ஏற்பாடு ஆகாது. மனத்தின் ஆரோக்கியமும் இக்கணக்கில் சேர்ந்ததே. சார்ஸ் ஓய்ந்து ஓராண்டுக்கும் மேல் ஆன பின்னர், நோயாளிகளை ஏற்ற டொராண்டோ ஆஸ்பத்திரிகளின் பணியாளரையும், நோய் அண்டாத ஹாமில்டன் நகரத்துப் பணியாளரையும் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, முன்னவரிடம் சோர்வும் மனத்துயரமும் மிகுந்திருந்ததோடு, நோயாளிகளின் அருகாமையைக் குறைத்துக்கொள்ளும் போக்கும் காணப்பட்டது.

மறந்த பாடம்

சார்ஸுக்குப் பின்னர் ஆண்டேரியோ ஐந்தரைக் கோடி என்-95 முகக்கவசங்களைச் சேமித்து வைத்தது. அவை காலாவதியாயின, மாற்றி வாங்கி வைப்பாரில்லை. அவசரக் கையிருப்பில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் காலாவதியாகிவிட்டதை 2017ஆம் ஆண்டில் மாகாணத் தணிக்கை அதிகாரியே சுட்டிக்காட்டினார். மூன்றாண்டுக்குள் கோவிட் வந்தது. 2020 மார்ச் 28ஆம் தேதி, இந்நோய் காற்றில் பரவுவதன்று என்று உலகச் சுகாதார நிறுவனம் ஐயத்திற்கு இடமின்றி அறிவித்தது. ஜூலையில் 239 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு அக்கருத்தை மறுத்தனர். 2021ஆம் ஆண்டில் நிறுவனமும் படிப்படியாகத் தன் கூற்றைத் திருத்திக்கொண்டது. விஞ்ஞானம் திருந்துவது இயல்பு, அதில் இழுக்கில்லை. நிச்சயம் இல்லாத இடத்தில் நிச்சயம் பேசி, சந்தேகத்தின் பலனைக் கிருமிக்கு அளித்ததே பிழை. 2020 ஜனவரி முதல் 2021 மே வரையில் உலகெங்கும் கோவிட் நோயால் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று அதே நிறுவனம் பின்னர் மதிப்பிட்டது.

நம் நாட்டில் இப்பிரச்சினைக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கே பொதுச் சுகாதாரத்தின் சுமையைத் தாங்குவோரில் பெரும்பகுதியினர் ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் இருப்பவர்களல்லர். வீடு வீடாகச் சென்று காய்ச்சல் கண்டவரைக் கணக்கெடுக்கும் ஆஷா பெண்கள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர். சட்டத்தின் கண்ணில் அவர்கள் ஊழியர்களல்லர், ஊக்கத்தொகை பெறும் தொண்டர்கள். நோயாளியின் படுக்கையருகே சேரும் கழிவை மஞ்சள் பையிலிட்டு எடுத்துச் செல்பவரும், தெருவைக் கூட்டுபவரும், சுடுகாட்டில் பிணத்தை இறக்குபவரும் பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஜனங்களின் அச்சமே ஓர் ஆபத்தாக எதிர்ப்பட்டதையும் கண்டோம். 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிட் நோயால் மாண்ட மருத்துவர் ஒருவரின் சடலத்தை அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் தாக்கிய செய்தி நாட்டையே தலைகுனிய வைத்தது. அம்மாதம் 22ஆம் தேதி, 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் அவசரமாகத் திருத்தப்பட்டு, சுகாதாரப் பணியாளரைத் தாக்குவோருக்கு ஏழாண்டு வரையில் சிறைத் தண்டனை விதிக்க வழி செய்யப்பட்டது. அதற்குச் சற்று முன்னர் மத்திய சர்க்கார் அறிவித்த ஐம்பது லட்ச ரூபாய் காப்பீடு, ஆஷாக்களையும் துப்புரவுத் தொழிலாளரையும் ஒப்பந்தப் பணியாளரையும் சேர்த்துக்கொண்டது பாராட்டத்தக்கதே. ஆயினும் தண்டனையும் காப்பீடும் தீங்கு நேர்ந்த பின்னர் வருபவை. தீங்கு நேருமுன் தடுக்கும் கடமையை ஏற்பதற்கு ஓர் எஜமானன் வேண்டும். தொண்டர் என்றும் ஒப்பந்த ஆள் என்றும் பெயரிட்டு வைத்திருக்கும் வரையில் அந்த எஜமானன் யார் என்பதே தெளிவாவதில்லை.

2025 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட பெருந்தொற்று உடன்படிக்கையில் பணியாளரின் பாதுகாப்பும் இடம்பெற்றிருக்கிறது. உடன்படிக்கைகள் நல்லவையே, ஆனால் அவற்றின் மெய்ம்மையைச் சோதிக்கவேண்டிய இடம் தலைநகரத்து மண்டபமன்று, தாலுகா ஆஸ்பத்திரியின் வார்டு. அங்கே தூய்மைப் பணியாளர் ஒருவர், தமக்குக் கொடுத்த கையுறை கிழிந்திருக்கிறது என்றோ, தாதி ஒருவர், இந்த நோயாளியைத் தனியறைக்கு மாற்றும்வரை மற்றவரை உள்ளே விடலாகாது என்றோ கூறினால், அச்சொல்லை ஆதாரம் கேட்டு ஒதுக்குகிறார்களா, அல்லது ஆராய்ந்து முடிக்கும்வரையில் அதை உண்மை என்றே கொண்டு நடக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். கூறியவருக்கு அதனால் வேலைக்குத் தீங்கு வராது என்னும் உறுதியும் எழுத்தில் இருக்கவேண்டும். கடைநிலை ஊழியரின் சந்தேகத்திற்கு ஒரு கதவை மூடும் அதிகாரம் உள்ள ஆஸ்பத்திரியே அடுத்த கொள்ளைநோய்க்கு ஆயத்தமான ஆஸ்பத்திரி. அந்த அதிகாரத்தை அளிப்பதற்குக் காசும் அதிகம் வேண்டியதில்லை, ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.